குடுத்து வச்சிருக்கணும்

அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியது நான்தான். “எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் எந்த அளவுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?” கீழே நான்கு கட்டங்கள். மிகவும் மகிழ்ச்சியாக, ஓரளவு மகிழ்ச்சியாக, அவ்வளவாக மகிழ்ச்சி இல்லை, மகிழ்ச்சியே இல்லை. பல நாடுகளில் பல மொழிகளில் வருடக்கணக்காகக் கேட்டுவரும் கேள்வி இது. ஆங்கில மூலத்தில் ஹேப்பி என்ற ஒரு சொல்தான் மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது. அதற்கு மகிழ்ச்சி என்று எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. 20 வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள் நான். காப்பீட்டுப் பத்திரத்தின் பொடி எழுத்துக்கும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளுக்கும் மணிக்கணக்கில் அகராதி புரட்டியிருக்கிறேன். இந்தச் சொல்லுக்குப் புரட்டத் தோன்றவில்லை. ஹேப்பி என்றால் என்னவென்று யாருக்குத்தான் தெரியாது?

கேள்வித்தாள் மக்களுக்குப் புரிகிறதா என்று பார்ப்பதற்காக, முன்கூட்டியே 30 பேரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். மல்லித் தோட்டம். மல்லியை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் இருட்டிலேயே வந்து, தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது நன்றாக விடிந்திருந்தது. எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். 30 சென்ட் நிலம், அவரும் அவர் தங்கையும் சேர்ந்து எடுத்த குத்தகை. நான் கேள்வி கேட்கக் கேட்க அவர் கை நிற்கவே இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் வேலை செய்யும். நான்கைந்து மொட்டுகள் உள்ளங்கையில் சேர்ந்ததும் சுருக்கென்று மடிக்குள் போகும். பிள்ளைகள் எத்தனை, வீடு ஓடா ஒட்டா, முழங்கால் வலி உண்டா என்பதற்கெல்லாம் செடியைப் பார்த்தபடியே பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

மகிழ்ச்சிக் கேள்விக்குத்தான் கை நின்றது. “மகிழ்ச்சின்னா?” என்றார். “சந்தோசமா இருக்கீங்களான்னு கேக்கறேன் பாட்டி.” என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணும் தாயி” என்றார். நான் நான்கு கட்டங்களையும் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். அவர் திரும்பவும் அதையே சொன்னார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். நான் மூன்றாவது கட்டத்தில், அவ்வளவாக மகிழ்ச்சி இல்லை என்ற இடத்தில், டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஓரத்தில் மட்டும் அவர் சொன்ன வாக்கியத்தைப் பென்சிலில் எழுதி வைத்தேன். நேரடியாகப் பதில் சொல்லாமல் நழுவுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஒரு வருடம் போனது. பழைய ஆங்கிலக் கடிதங்கள் சிலவற்றை மொழிபெயர்க்கும் வேலை வந்தது. கப்பல் பயணம் முடித்து ஊர் சேர்ந்த ஒருவர், ‘பை குட் ஹேப்’ கரை சேர்ந்தோம் என்று வீட்டுக்கு எழுதியிருந்தார். ஹேப்பி என்பதில் கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்றே முதலில் நினைத்தேன். சந்தேகத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியைத் திறந்தேன். ஹேப் என்பது தனிச்சொல். ஒருவருக்கு வந்து வாய்ப்பது, தற்செயல், அதிர்ஷ்டம். லக் என்பதிலிருந்து லக்கி வருவதுபோல, ஹேப் என்பதிலிருந்து வந்ததுதான் ஹேப்பி. 14ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது, அதிர்ஷ்டம் வாய்த்தவர் என்பதுதான் அதற்குப் பொருள். மனம் குளிர்ந்திருப்பது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டுவாக்கில்தான் ஒட்டிக்கொண்டது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மல்லித் தோட்டமும் அந்தக் குரலும் நினைவுக்கு வந்தன. அதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணும் தாயி. நான் எழுதிய மகிழ்ச்சி அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் அதற்குப் பின்னால், நானே பார்க்காத ஆங்கிலச் சொல்லின் அடி வேருக்கு, அவர் நேராகப் பதில் சொல்லியிருக்கிறார். ஹேப்பியா என்று கேட்டேன். அதற்கு ஹேப் வேண்டும் என்றார். இதைவிடச் சரியான பதிலை 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர்கூடச் சொல்லியிருக்க முடியாது. நான் அதை ‘அவ்வளவாக இல்லை’ என்று பதிந்து அனுப்பியிருந்தேன்.

ஹேப் குடும்பம்

அதற்குப் பிறகு இந்தச் சொற்களை என்னால் சும்மா விட முடியவில்லை. ஹேப் என்ற தனிச்சொல் வழக்கில் மங்கிவிட்டது, ஆனால் அதன் பிள்ளைகள் தினமும் நம் வாயில் புரள்கிறார்கள். ஏதாவது நடந்தால் ஹேப்பன். அசம்பாவிதம் என்றால் மிஸ்ஹேப். கதியற்றவர் ஹேப்லெஸ். தாறுமாறாகக் கிடந்தால் ஹேப்ஹசார்ட். பெர்ஹேப்ஸ் என்பதற்குள்ளும் அதே ஹேப்தான் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ‘ஒருவேளை’ என்று மொழிபெயர்த்துத் தள்ளுகிற சொல். ஒருவேளை என்பதும் ஹேப்பி என்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்த பிறகு, ஹேப்பி என்று எங்கே பார்த்தாலும் அதன் அடியில் ஒரு ‘ஒருவேளை’ கேட்கத் தொடங்கிவிட்டது எனக்கு.

ஹேப் பிறவியிலேயே ஆங்கிலச் சொல் கிடையாது. வைகிங்குகள் என்று கதைகளில் படிக்கிறோமே, அந்த நார்ஸ் மக்கள் 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் அப்புறம் நிலத்தை உழுது, பெண் கொடுத்துப் பெண் எடுத்து அங்கேயே வாழ்ந்தார்கள். முட்டைக்கு எக், வானத்துக்கு ஸ்கை, ஜன்னலுக்கு விண்டோ, கணவனுக்கு ஹஸ்பண்ட் என்று அவர்கள் விட்டுப்போனதெல்லாம் வீட்டுக்குள் புழங்கும் சொற்கள். ஹேப்பும் அவற்றோடு சேர்ந்து வந்ததுதான்.

அவர்கள் வருவதற்கு முன்னால் இங்கிலாந்து மக்கள் என்ன சொன்னார்கள்? எயாடிக் என்று ஒரு சொல் இருந்தது. அதன் வேர் எயாட்: செல்வம், நற்பேறு. சொல் செத்துப்போயிற்று, வேர் மட்டும் ஆள் பெயர்களில் பிழைத்திருக்கிறது. எட்வர்ட், எட்மண்ட், எட்வின், எட்கர், ஈடித் எல்லாவற்றின் முதல் அசையும் அதுதான். எட்வர்ட் என்றால் நற்பேற்றைக் காப்பவர். நம் ஊரில் பிள்ளைக்குச் செல்வம், பாக்கியம் என்று பெயர் வைப்பதில்லையா, அந்த மாதிரி. நார்ஸ் மொழியில் இந்த எயாட்டுக்கு உறவான ஒரு சொல் உண்டு. விதி அளித்தது என்று அதற்குப் பொருள். அதைப் படித்தபோதும் எனக்குப் பாட்டியின் குரல்தான் கேட்டது. கொடுத்து வைத்தது.

ஆங்கிலத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. ஜெர்மனில் க்ளூக் என்றால் அதிர்ஷ்டமும் மகிழ்ச்சியும் இன்றைக்கும் ஒரே சொல். பிரெஞ்சில் மகிழ்ச்சிக்குச் சொல்லும் பொனேர், நல்ல சகுனம் என்று சேர்த்துக் கட்டிய சொல். கிரேக்கத் தத்துவ ஆசிரியர்கள் வாழ்வின் உச்சமாகப் பேசிய யூடைமோனியாவைப் பிரித்தால், நல்ல காவல் தெய்வம் வாய்த்திருப்பது என்று வரும். லத்தீனில் ஃபேலிக்ஸ் என்றால் அதிர்ஷ்டசாலி, வளமானவர். ரோமாபுரியின் சர்வாதிகாரி சுல்லா தன் பெயரோடு அந்த அடைமொழியை வேண்டியே சேர்த்துக்கொண்டார். தன் வெற்றிகளைத் தெய்வங்கள் தனக்குக் கொடுத்ததாக ஊரார் நம்ப வேண்டும் என்று அவர் விரும்பினார். 2013ல் ஷிகேஹிரோ ஒய்ஷி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 30 நாடுகளின் அகராதிகளை எடுத்துவைத்துப் பார்த்தார்கள். 24 நாடுகளில் மகிழ்ச்சிக்கான சொல்லின் பொருளில் அதிர்ஷ்டமும் கலந்திருந்தது. அமெரிக்க ஆங்கிலத்தில் அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். கேள்வித்தாள்கள் பெரும்பாலும் எழுதப்படுவதோ அந்த ஆங்கிலத்தில்.

விழுந்ததும் கொடுத்ததும்

சரி, ஹேப்பி என்பதைக் ‘கொடுத்து வைத்தவர்’ என்று மொழிபெயர்த்துவிடலாமா? ஒரு வாரம் இதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். முடியாது. நார்ஸ் ஹேப்பில் கணக்கு வழக்கு கிடையாது. மரத்திலிருந்து பழம் விழுகிற மாதிரி, கீழே நிற்கிறவர் மடியில் அது விழும், அவ்வளவுதான். நம்முடையதில் ஒரு கணக்கு இருக்கிறது. எப்போதோ, போன பிறவியிலோ அதற்கும் முன்போ, நீ யாருக்கோ கொடுத்தாய். அது எங்கோ வைக்கப்பட்டிருந்தது. இப்போது உன் கைக்கு வருகிறது. கொடுத்து, வைத்து, பெறுகிறாய். மூன்று வேலை அந்தத் தொடருக்குள் நடக்கிறது.

இதைப் பெருமையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. என் அத்தை ஒருவர் இருபத்தாறு வயதில் கணவரை இழந்தவர். “அவ குடுத்து வச்சது அம்புட்டுத்தான்” என்று சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது, அத்தை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சுப்படி பார்த்தால், அவர் முன் பிறவியில் யாருக்கும் எதுவும் கொடுக்காதவர். நடந்த கொடுமைக்கு அவரே பொறுப்பு என்று ஆகிவிடுகிறது. அந்தக் கூடத்தில் யாராவது ஹேப் என்ற சொல்லைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். விழுந்துவிட்டது, உன் தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லும் சொல் அது.

அதே தொடர் மல்லித் தோட்டத்தில் வேறு மாதிரி ஒலித்தது. பாட்டி யாரையும் குறை சொல்லவில்லை, தன்னையும் நொந்துகொள்ளவில்லை. என் கேள்வியைத் திருத்தினார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். என்னிடம் கேட்டு என்ன ஆகும், இது என் கையில் இருக்கிற சமாசாரமா என்பதுபோல.

தேடிப் போகலாம் என்று சொன்ன வருடம்

வந்து வாய்ப்பது எப்படித் தேடிப் பிடிப்பதாக மாறியது? ஒரே நாளில் நடந்ததில்லை. ஆனாலும் ஒரு வருடத்தைச் சொல்லச் சொன்னால் 1776ஐச் சொல்வேன். அந்த ஜூலையில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஜெஃபர்சன், உயிரையும் சுதந்திரத்தையும் அடுத்து, ஹேப்பினஸைத் தேடிச் செல்வதையும் பறிக்க முடியாத உரிமையாக எழுதினார். அதே வருடம் லண்டனில் ஜெரமி பெந்தம் என்ற தத்துவ ஆசிரியர், எது சரி எது தவறு என்பதற்கு அளவுகோல் மிகப் பெரும்பாலோரின் மிகப் பெரிய ஹேப்பினஸ்தான் என்று எழுதினார். ஒருவர் அதைத் தேடக்கூடியதாக ஆக்கினார், இன்னொருவர் அளக்கக்கூடியதாக ஆக்கினார். நான் கையில் வைத்திருந்த நான்கு கட்டங்களுக்குக் கொள்ளுத் தாத்தாக்கள் என்று இவர்கள் இருவரையும் சொல்லலாம்.

அவர்கள் செய்ததைக் குறைத்துப் பேச மாட்டேன். அன்றைக்கு ஹேப்பினஸ் என்ற சொல்லில் நல்வாழ்வு, செழிப்பு, பயமில்லாத இருப்பு எல்லாம் சேர்ந்திருந்தது. ராஜா வீட்டில் பிறந்தவனுக்கு ராஜ வாழ்வு, குடியானவனுக்குக் குடிசை என்று ஹேப் பிரித்துப் போட்டதை அப்படியே ஏற்றுக்கொண்டு வாழ்ந்தவர்களிடம், உன் நல்வாழ்வை நீயே தேடிப் போகலாம், அது உன் உரிமை என்று சொன்னது பெரிய காரியம். அந்த வாக்கியத்தை எழுதியவருடைய தோட்டத்திலேயே அடிமைகள் வேலை செய்தார்கள் என்பதும் சரித்திரம்தான். யார் எந்தத் தாய் வயிற்றில் பிறந்தார் என்ற ஹேப்பை அந்தப் பிரகடனம் தொடவில்லை.

எனக்கு வருத்தம் அதற்குப் பின்னால் நடந்ததில்தான். தேடிப் போகலாம் என்பது மெதுவாகத் தேடிப் போயே ஆக வேண்டும் என்று ஆனது. கிடைக்கவில்லை என்றால் தேடியவரிடம்தான் கோளாறு. என் தோழி ஒருத்தி, படுத்த படுக்கையாக இருந்த தன் அம்மாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்டாள். வேலைக்கும் போய்க்கொண்டு, இரவில் இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டு. அவள் அலுவலகத்தில் ஒரு நாள் மகிழ்ச்சிப் பயிற்சி வைத்தார்கள். மகிழ்ச்சி என்பது உங்கள் தேர்வு என்று திரையில் பெரிய எழுத்தில் போட்டார்களாம். அன்று ராத்திரி போன் செய்து, “நான் சரியாத் தேர்ந்தெடுக்கலையாம்டி” என்றாள். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. ஹேப்பி என்ற சொல்லுக்குள் ஹேப் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தால், அதையாவது சொல்லியிருப்பேன்.

வயிறு நிறைந்தவர் சேட் ஆனது

ஹேப்பியைத் தேடிப்போன இடத்தில் மற்ற சொற்களும் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. துக்கத்தைச் சொல்லும் சேட் என்ற சொல்லில்தான் நான் ரொம்ப நாள் நின்றேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு நிறைந்தவர், போதும் போதும் என்னும் அளவுக்குத் தின்றவர் என்று பொருள். ஜெர்மனில் இன்றைக்கும் வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு ஸாட் என்கிறார்கள். திருப்தியைக் குறிக்கும் சேட்டிஸ்ஃபாக்‌ஷன் என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. நிறைந்தவர் திகட்டியவர் ஆனார். திகட்டியவர் சலித்தவர், கனத்தவர் ஆனார். கனத்த மனம் துக்கமானது. ஒரு வேரிலிருந்து புறப்பட்டு ஒரு சொல் திருப்திக்கும் இன்னொன்று சோகத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் ஊற்ற வரும்போது இலையின் மேல் கையை விரித்து மறைக்கிறோமே, அந்த நொடியில் இருந்து கிளம்பிய சொல் என்று வைத்துக்கொள்ளலாம்.

சில்லி என்ற சொல்லும் இதைப்போலவே நல்ல இடத்தில் தொடங்கிக் கீழே இறங்கியது. பழைய ஆங்கிலத்தில் சேலிக் என்றால் பேறு பெற்றவர், தெய்வ அருள் கிடைத்தவர். ஜெர்மனில் அதன் உடன்பிறப்பான ஸேலிக் இன்னமும் அந்தப் பொருளில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் அருள் பெற்றவர் கள்ளமற்றவராகி, கள்ளமற்றவர் பாவப்பட்டவராகி, பாவப்பட்டவர் பலவீனராகி, கடைசியில் அசடு என்று ஆகிவிட்டார். நமக்கு இது புதிதில்லை. தொல்காப்பியத்தில் வெகுளி என்றால் கோபம். இன்றைக்கு வெகுளி என்றால் சூது வாது தெரியாத ஆள். ஜனங்கள் சொல்லைக் கையில் எடுத்துப் புழங்கும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிளாட் என்றால் முதலில் பளபளப்பு. மினுங்குகிற பொருளைச் சொன்ன சொல் மினுங்குகிற மனதுக்குப் போனது. மெர்ரி என்ற சொல், குறுகியது என்ற பொருள்கொண்ட வேரிலிருந்து வந்ததாக அறிஞர்கள் கருதுகிறார்கள். நேரத்தைக் குறுக்குவது எதுவோ அதுதான் கேளிக்கை. ஜெர்மன்காரர்கள் கேளிக்கையைக் குறுகிய பொழுது என்றும் சலிப்பை நீண்ட பொழுது என்றும் சொல்கிறார்கள். நாம் பொழுதுபோக்கு என்கிறோம், பொழுது போகமாட்டேன் என்கிறது என்றும் சொல்கிறோம். ஜாய் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல், அதில் பெரிய கதை இல்லை. யூஃபோரியா கிரேக்கம். நன்றாகத் தாங்குவது என்று பொருள். நோயாளி தனக்குத் தெம்பாக இருப்பதாக உணர்வதைச் சொல்ல மருத்துவர்கள் அதைக் கையாண்டார்கள். இன்றைய கொண்டாட்டத்தை எல்லாம் தள்ளிவிட்டு அந்தச் சொல்லைப் பார்த்தால் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் தெரிகிறது.

பழைய ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கே மகிழ்ச்சி என்று பெயர் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் போக மனசு வரவில்லை. ரோமானிய எழுத்தில் வ என்ற ஒலிக்குத் தோதான எழுத்து இல்லாததால், ரோமானிய எழுத்துக்கு முன்பு அங்கே புழங்கிய ரூனிக் என்ற பழைய எழுத்துமுறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதன் பெயர் வின், அதாவது களிப்பு. பல நூற்றாண்டுகள் அந்த எழுத்தில் எழுதினார்கள். 1300 வாக்கில் அது வழக்கொழிந்து, இரண்டு யு சேர்ந்த இன்றைய எழுத்து அந்த இடத்துக்கு வந்துவிட்டது. எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைகள், நாம் ஆனா ஆவன்னா சொல்வதுபோல, ஒவ்வொரு தடவையும் மகிழ்ச்சி என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள்.

நான் அரை நிமிடத்தில் எழுதிப்போட்ட நம் மகிழ்ச்சிக்கும் ஒரு வேர் இருக்கத்தானே வேண்டும்? சங்கப் பாட்டில் மகிழ் என்றால் கள்ளுண்ட களிப்பு, கள்ளும்கூட. காலையிலேயே கள் குடித்து அரசன் கொலுவிருப்பதைப் புறநானூறு நாள்மகிழ் என்கிறது. சந்தோஷம் வடமொழிச் சொல். இருப்பது போதும் என்று மனம் அமைவது அதன் பழைய பொருள். ஒன்று வெறியில் தொடங்குகிறது, இன்னொன்று போதும் என்பதில். கேள்வித்தாளில் நான் முதலாவதை எழுதினேன், தோட்டத்தில் வாயால் இரண்டாவதைச் சொன்னேன். பாட்டி இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றை எடுத்தார். ஒரே கேள்வி என்று நினைத்து மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறேன்.

முகம்

சியர் என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்திருந்தேன். சியர்ஃபுல் என்கிறோமே, அந்த சியர். பழைய பிரெஞ்சில் அதற்கு முகம் என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது முகமாகத்தான் இருந்தது. பிறகு முகத்தின் தோற்றம், பிறகு முகத்தில் தெரிகிற மனசு. நல்ல சியரும் உண்டு, வாடிய சியரும் உண்டு. நாளாக ஆக வாடியது உதிர்ந்து, நல்லது மட்டும் அந்தச் சொல்லில் தங்கிவிட்டது. மற்ற சொற்களெல்லாம் அதிர்ஷ்டம், வயிறு, பொழுது, கள் என்று எங்கெங்கோ இருந்து வர, இது ஒன்றுதான் எதிரில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்துப் பிறந்திருக்கிறது.

அந்தக் காலையில் நான் பாதியில் விட்ட இடத்துக்கு வருகிறேன். குடுத்து வச்சிருக்கணும் என்றதற்குப் பிறகு பாட்டி சொன்னது இதுதான்: “இன்னிக்கு வெல இன்னும் வரல. வரட்டும், சொல்றேன்.” மல்லி விலை அன்றாடம் மாறும். முகூர்த்த நாள் நெருங்கினால் ஏறும், வரத்து கூடினால் சரியும். அதே செடி, அதே இருட்டு, அதே விரல்கள். ஒரு நாள் நல்ல காசு, ஒரு நாள் பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது. முதல் நடைப் பூவை எடுத்துக்கொண்டு பாட்டியின் பேரன் பைக்கில் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். முந்தின நாள் கிலோ இருநூறுக்குத்தான் போனதாம்.

நான் வீட்டு வசதி பற்றிய பக்கத்தில் இருந்தபோது போன் வந்தது. தங்கச்சிப் பாட்டி அதை ஸ்பீக்கரில் போட்டார். பைக் சத்தமும் சந்தை இரைச்சலும் கலந்து கேட்டது. “எண்ணூறு, அம்மாச்சி.” வரப்பில் நின்ற நாலு பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஒருத்தர் வாய் பொத்திச் சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை. விடிந்து வெகுநேரம் ஆகியும் தலையில் எரிந்துகொண்டிருந்த டார்ச்சை அப்போதுதான் அணைத்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

“இப்பக் கேளு தாயி” என்றார்.

நான் தாளைப் பார்த்து, குடிநீர்க் குழாய் வீட்டுக்குள் இருக்கிறதா, தெருவில் இருக்கிறதா என்று கேட்டேன்.